பாதி மீசை

ஹாலில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மீன் தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டியைக் கொண்டுவந்த ஆள் வயரைக் கையில் பிடித்தபடி, "எதைங்க பிடுங்குறது?" என்று கேட்டான். கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் கண்ணாடிக்காரர் என்று பேர் வாங்கியவர், தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து மண்டியிட்டு இன்னொரு பிளக் பாயிண்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் கிடத்த வேண்டியது அவருடைய அக்கா புருஷனை. தொட்டிக்குள் கிடப்பது அக்கா புருஷனின் மீன். ஒருவருக்குக் குளிர் வேண்டும், மற்றதற்குக் காற்று வேண்டும். மச்சானிடமே கேட்க முடிந்திருந்தால், "என்னைப் பிடுங்கு மாப்ள, மீனைத் தொடாதே" என்றுதான் சொல்லியிருப்பார்.

"எதையும் பிடுங்க வேணாம். என் வண்டியில எக்ஸ்டென்ஷன் பெட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தார்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலேயும் கீழேயும் அனுப்பிவைத்தவர், காலையில் டீ டம்ளரோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். டீ ஆறிப்போயும் எழுந்திருக்கவில்லை. அக்கா வந்து தோளைத் தொட்டபோது மீன் மட்டும்தான் திரும்பிப் பார்த்ததாம்.

பெட்டியைத் தொட்டிக்கு இணையாகத்தான் போட முடிந்தது. வேறு இடமில்லை. இரண்டும் கண்ணாடி, இரண்டும் ஒரே நீளம். துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் பெட்டியின் முன் தலையைக் குனிந்து நின்றார்கள். அப்புறம் அரை அடி நகர்ந்து தொட்டிக்கு முன் வந்ததும் தலையை நிமிர்த்தி வாயைப் பிளந்தார்கள். எல்லோருமே பெட்டியின் முன் நின்றதைவிடத் தொட்டியின் முன் கூடுதல் நேரம் நின்றார்கள் என்பதைக் கண்ணாடிக்காரர் கவனித்துக்கொண்டே இருந்தார். செத்தும் மனுஷன் தன் மீனைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

சிவப்புவால் கெளுத்தி. கறுத்த முதுகு, வெள்ளைப் பட்டை, ரத்தத்தில் தோய்த்தெடுத்த மாதிரி வால். தலை மட்டுமே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. வாய்க்குள் எது அடங்குமோ அதெல்லாம் அதற்குச் சாப்பாடு. கூடவே விட்டுவைத்த தங்க மீன்களை முதல் ராத்திரியே காலி செய்தது. ஒருமுறை வெப்பமானியை விழுங்கிவிட்டு, மறுநாள் அலட்டிக்கொள்ளாமல் கக்கியது.

"மாமாகிட்டேயும் இதே மீன் இருக்குல்ல?" என்று மாடி வீட்டுக்காரர் அக்கா மகளிடம் கேட்டது காதில் விழுந்தது. "ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதாமே?"

"ஆமா. மாமாவோடது சின்னது" என்றாள் அவள்.

சின்னது. இந்த ஒரு வார்த்தை பத்து வருஷமாகக் கண்ணாடிக்காரரின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மீன் கடைக்குப் போனார்கள். ஒரு நீலத் தொட்டியில் விரல் நீளத்துக்கு இரண்டே குட்டிகள் மிச்சம். கடைக்காரர் பாடம் எடுத்தார்: "வயிறு ஒட்டிப் போயிருந்தா எடுக்காதீங்க. குச்சியால தொட்டா ஓடுறது வேணாம், திரும்பி வந்து முறைக்குது பாருங்க, அதை எடுங்க. மீசை ஆறும் முழுசா இருக்கணும்." இரண்டுமே முறைத்தன. ஆனால் ஒன்றுக்கு ஒரு மீசை பாதிதான் இருந்தது. இன்னொன்று கடித்துத் தின்றிருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முழு மீசைக்காரனைப் பையில் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். "நல்லதை முதல்ல எடுக்கிறது என் பழக்கம் மாப்ள. உங்க வீட்லேர்ந்தும் அப்படித்தானே எடுத்தேன்!" அக்காவைச் சொல்கிறாராம். அதற்கு மேல் எந்தத் தம்பியால் சண்டை போட முடியும்?

மச்சானின் மீன் வளர்ந்ததும் சாதாரண வளர்ச்சி இல்லை. முதல் மாதம் பார்த்தபோது இருந்ததைவிட அடுத்த மாதம் ஒரு சாண் கூடியிருந்தது. கண்ணாடிக்காரர் என்ன இரை போட்டும் பாதி மீசை நிதானமாக, பென்ஷன் வாங்குகிறவரைப் போல வளர்ந்தது. அதிகமாகப் போட்டால் வாந்தி எடுத்தது. போதாக்குறைக்கு மச்சானுக்குப் பெரிய தொட்டி வேண்டியிருந்தது. அதற்குக் கண்ணாடி அறுத்து, ஒட்டி, கொண்டுவந்து மாட்டியதும் இவரேதான். தன் வயிற்றெரிச்சலுக்குத் தானே எட்டடியில் தொட்டி கட்டிக்கொடுத்த ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கிற சாக்கில் வருவார். தொட்டியைப் பார்க்காத மாதிரி சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மச்சான் பாத்ரூம் போனதும் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, கண்ணாடியோடு ஒட்டவைத்து, மூக்கிலிருந்து வால் வரை அளப்பார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் டேப் பைக்குள், கண் காலண்டருக்கு. அங்கிருந்து தன் கடைக்குப் போய்ப் பாதி மீசையை அளப்பார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது.

"டேய்" என்று அக்கா கூப்பிட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் தேய்ந்துபோயிருந்தது. "இனிமே அந்த மீனை நீதான்டா எடுத்துட்டுப் போகணும். என்னால அதைப் பார்க்க முடியாது. உன்னை விட்டா வேற யாருக்கு அதைப் பத்தித் தெரியும்?"

கண்ணாடிக்காரரின் மனசு குபீரென்று எழும்பியது. பெட்டிக்குள் மச்சான். கண்ணுக்கு முன்னால் அக்கா. அந்த நேரத்திலும் அவர் மனம், தன் கடையின் பின்னறையில் எந்தச் சுவரை ஒட்டித் தொட்டியைப் போடலாம் என்று கணக்குப் போட்டது. உதடு விரியப் போவது தெரிந்ததும் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மாடி வீட்டுக்காரர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க சார். மச்சான்னா உங்களுக்கு உசிரு. எங்களுக்குத் தெரியாதா?"

மத்தியானம் மீன் கடைக்காரர் வந்தார். பெட்டியின் முன் கைகூப்பியவர் அப்படியே விசும்பத் தொடங்கிவிட்டார். இரை விற்கிறவன் இவ்வளவு அழுவானேன் என்று கண்ணாடிக்காரருக்கு அதிலும் ஒரு பொறாமை. அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மீனை என் கடைக்கு மாத்தணும். நீங்க கூட வந்து பிடிக்கணும். பாதி மீசைகூடவே விட்டுரலாம்னு பார்க்கிறேன்."

"ஐயோ, அதைச் செஞ்சிராதீங்க! காலையில பார்த்தா உங்களுது இதோட வயித்துக்குள்ள இருக்கும். பத்து வருஷம் காப்பாத்தின மீனுங்க அது."

"ரெண்டுக்கும் ஒரே வயசு. இதையும்தான் மச்சான் பத்து வருஷம் காப்பாத்தினாரு, இதுல என்ன சாதனை?"

"ஒரே வயசா? இது வந்தே ஆறு வருஷம்தானே ஆச்சு. இது மூணாவது…"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே கண்ணாடிக்காரர் அவர் பக்கம் நெருங்கினார்.

"என்ன மூணாவது?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். இனிமே யாருக்கு மறைச்சு என்ன ஆகப்போகுது? நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வாங்கினீங்கல்ல, அதுல அவரோடது ஒரு மாசம்கூடத் தாங்கல. கிரீஸ் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. இதே மாதிரி ஒண்ணு கொடு, ஆனா கொஞ்சம் பெருசாக் கொடுன்னாரு. அதுவும் கொஞ்ச வருஷம்தான். அப்புறம் இது, இன்னும் பெருசா. அவரோடதுல அடையாளம் ஒண்ணும் கிடையாது, மாத்தினாத் தெரியாது. உங்களுதுல முடியுமா? மீசை பாதியாச்சே."

கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பெருசு?"

"'சின்னதாப் போனா மாட்டிக்குவேன்யா, அவன் ஞாயித்துக்கிழமை டேப்போட வருவான்'னு சொல்லுவாரு."

"டேப்பா? அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? 'நான் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு சும்மா நிப்பேன், பாவம், நிதானமா அளக்கட்டும்'னு சொல்லிச் சிரிப்பாரு. ஆனா உங்க கடைக்கு வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் சிரிக்க மாட்டாரு. நேரா என்கிட்டதான் வருவாரு. 'அந்தக் கண்ணாடிக்காரன் கையில மட்டும் எப்படிய்யா சாகாம இருக்கு? தண்ணியில என்னய்யா கலக்கிறான்?'னு கேட்பாரு. மூஞ்சி செத்துப்போயிருக்கும்."

கண்ணாடிக்காரருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பத்து வருஷம் கழித்து ஜெயித்தாயிற்று. இதை உடனே போய் மச்சான் மூஞ்சிக்கு நேராகச் சொல்லி, அந்த மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தே விட்டார். இரண்டடி வைத்தபிறகுதான், மச்சான் எங்கே இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பவும் உட்கார்ந்தார். இப்போது பொறாமை பக்கத்தில் நின்றவர்மேல் திரும்பியது. தன்னிடம் அழாமல் இந்த ஆளிடம் போய் அழுதிருக்கிறார். கிரீஸ் துணியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

"நிறைய பேசுவாரோ உங்ககிட்ட?"

"உங்களைப் பத்தி மட்டும்தாங்க."

உடம்பை எடுக்கும் நேரம் நெருங்கியது. ஹாலில் கூட்டம். தொட்டிக்கு முன் நின்ற மாடி வீட்டுக்காரருக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. கண்ணாடிக்காரர் உள்ளே வந்ததும், "சார், கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஒரே நாள், ஒரே கடை. உங்களுது மட்டும் ஏன் வளரல?" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அக்கா மகள் அழுகையை நிறுத்திவிட்டு, அப்பாவைப் பற்றிய நல்ல சேதி ஒன்று வரப்போகிறது என்பதுபோலக் காத்திருந்தாள். வாசலில் மீன் கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் குளிர்பெட்டியைப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் ஆவி படிந்திருந்தது. தொழில் பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டார்.

"எங்க மச்சான் கை அப்படிங்க" என்றார். "அந்த ராசி எனக்கு வராது."

அக்கா மகள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடம் தொட்டியை ஒட்டி நீளமாக, ஈரமாகத் தெரிந்தது.

"எப்போடா மீனை எடுத்துட்டுப் போறே?" என்றாள் அக்கா.

"இங்கேயே இருக்கட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை நான் வந்து இரை போடுறேன். அதுக்கு அவ்வளவு போதும்."

"வாரத்துக்கு ஒரு தடவை போதுமா?"

"இதுங்களுக்குப் போதும்."

அக்கா முகம் கழுவப் போனாள். ஹாலில் அவரும் மீனும் மட்டும். கெளுத்தி அடித்தரையிலிருந்து மெல்ல எழும்பி, ஆறு மீசைகளையும் விரித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பாத்ரூமில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டேப்பை இழுத்துக் கண்ணாடியோடு ஒட்டவைத்தார். மூக்கு, வயிறு, வால். மீன் அசையாமல் அளவு கொடுத்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கும் இன்றைக்கு அவசரமில்லை.

சத்தம் நின்றது. டேப்பைச் சரக்கென்று பைக்குள் திணித்துக்கொண்டு, எப்போதும்போலக் காலண்டரைப் பார்த்து நின்றார்.

கதவு திறந்தது. அக்காதான் வந்தாள்.