குணசுந்தரியின் முகம்

கவரைப்பேட்டையில், இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் மதிலோரம் தகரக் கொட்டகையில் இருந்த செங்கல்வராய சாமிக்கு முற்பிறவிகள் ஒன்றா இரண்டா! பல்லவர் காலத்தில் கல்தச்சர். அப்புறம் அரண்மனைச் சுவரில் சித்திரம் எழுதினவர். அதற்கப்புறம் வீணை வித்வான். நடுவில் ஒருதரம் மயிலாகவும் இருந்தாராம். அதுவும் சும்மா மயில் இல்லை, தாளம் தப்பாமல் ஆடின மயில். அழகென்றால் சாமிக்கு உயிர். கம்பெனிப் புகைக்குள் அந்திச் சூரியன் சிவந்துவிட்டால் போதும், தலை வெட்டுப்பட்டு ஒருவன் வந்து காலில் விழுந்தாலும், "இர்றா, இது முடியட்டும்" என்பார்.

அந்தச் சாமியிடம்தான் ஆரம்பாக்கம் பச்சையப்பன் வெள்ளைத்தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டு போனார். மனைவி குணசுந்தரி செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காரியத்துக்கு ஊர்முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும். வைப்பதற்கு முகம் இல்லை. படமெடுக்கப் போனைத் தூக்கினாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்கிறவள் அவள். மிச்சம் இருந்தது ஆதார் அட்டை. அதில் இருந்த கறுப்புத் திட்டைப் பார்த்திருந்தால், எமனே ஆள் மாறிப்போச்சு என்று திருப்பி அனுப்பியிருப்பான்.

"நீங்கதான் சாமி வரைஞ்சி தரணும். வாராவாரம் ரயிலேறி வந்து உங்களுக்கு ஏரித் தாமரை குடுத்தாளே."

"அவளுக்கு இல்லாததா? குட்றா பென்சில."

சாமி வரைய ஆரம்பித்தார். அடேயப்பா! தாளில் தாமரை பூத்தது. தண்ணீர்ச் சொட்டு இதழிலிருந்து உருண்டு பச்சையப்பனின் வேட்டியில் விழுந்துவிடும் போலிருந்தது. பூவைப் பிடித்த விரல்கள் வந்தன. நாற்று நட்டுத் தேய்ந்த நகம் வந்தது. கொதிக்கிற கஞ்சி பட்டு வெந்த தழும்புகூட வந்தது. பச்சையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கழுத்துக்கு மேலே போனதும் பென்சில் நின்றது.

"மூக்குத்தி எந்தப் பக்கம்டா? வலமா, இடமா?"

"அது வந்து சாமி..."

முப்பது வருஷமாக அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றவர் பச்சையப்பன். கண்ணை மூடிப் பார்த்தார். தட்டு தெரிந்தது. குழம்பு தெரிந்தது. டிவி தெரிந்தது.

"இன்னாடா பேஜாரு! கட்டினவன் நீ. உனுக்கே தெர்லயா?"

"நான் காட்டான் சாமி. நீங்க அழகு பாக்குறவரு. நீங்க பாக்கலியா?"

சாமிக்கு முகம் வெளுத்தது. "பூவைத்தான்டா பாத்துக்கினு இருந்தேன்" என்றார் மெதுவாக. "அரமணையில எனுக்கு வண்ணம் அரைச்சிக் குடுத்தவ ஒருத்தி. அரைச்சி அரைச்சியே செத்தா. அவ மூஞ்சியும் நெனப்புல இல்ல. வண்ணம்தான் இருக்குது. அடுத்த பொறப்புலயாவது..."

"எனுக்கு அவ்ளோலாம் பொறப்பு இல்ல சாமி. ஞாயித்துக்கிழமை காரியம்."

முகமில்லாத படத்தைச் சுருட்டிக்கொண்டு பச்சையப்பன் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறினார். அங்கேதான் குணசுந்தரியின் தங்கை ஹேமாவதி இருக்கிறாள். அக்காவை அப்படியே உரித்து வைத்தவள் என்று ஊரே சொல்லும். அவளை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டால், கண்ணு எப்படி, மூக்கு எப்படி என்று சாமிக்குச் சொல்லிவிடலாம். மூக்குத்தியை மட்டும் எப்படியாவது வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போதே வாய்க்குள் அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காரியம் முடியும் வரை, துக்க வீட்டு ஆள் வாசலுக்கு வந்தால் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் வாவென்று கூப்பிடுவார்கள். மாமாவைக் கண்டதும் ஹேமாவதி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ மாமா, அக்கா இல்லாம ஒண்டியா வந்தீங்களா!" என்று கதறினாள்.

அவள் முந்தானையை எடுக்கட்டும் என்று பச்சையப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெயிலில் நின்றார்.