மிதக்கும் முட்டைகள்

காலை பதினொன்றே காலுக்குக் கரண்டு போனது. தொட்டியில் குமிழி நின்றது. கொடுவா மீன் முட்டைகள் பாலாடை மாதிரி மேலே வந்து மிதந்தன.

பிரின்சிக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. ஒழிந்தாள் கயல்!

ஆண்டிபட்டிப் பக்கத்து இந்த மீன்குஞ்சுப் பண்ணையில் ஆறு வருஷமாகக் கெண்டை முட்டைகளைப் பொரிக்க வைத்தவள் பிரின்சி. கயல் வந்தது போன மாசம்தான். கம்பத்துக்காரி. கடல் மீனான கொடுவா வளர்ப்பில், கடற்கரையில் ஆறே மாசப் பயிற்சி. அவளுக்காக முதலாளி சிக்கந்தர் பாய் டேங்கர் லாரியில் கடல் தண்ணீரையே வரவழைத்தார். இந்த முட்டை பொரிந்தால் பண்ணைப் பொறுப்பே அவளுக்குத்தான் என்று பேச்சு. பிரின்சி கேட்ட புது வலை எட்டு மாசமாக வரவில்லை.

கெண்டை முட்டை, தண்ணீர் ஓட்டம் நின்றால் அடியில் படியும். மிதந்தால் செத்தது. பிரின்சி போனை எடுத்தாள்.

"பாய், கயலோட முட்டை பூராம் மெதக்குது. செத்துப்போச்சு."

"என்னத்தா சொல்ற? கயலும் நானும் தேனியில ஆக்சிஜன் சிலிண்டர் வாங்க வந்தோம். இந்தா வாரோம்."

வாரோமாம்! ஆறு வருஷத்தில் சாமான் வாங்க அவளை ஒரு தடவை கூப்பிட்டிருப்பாரா?

சாட்சி வேண்டுமே. மிதந்ததை எல்லாம் தொட்டித் தண்ணீரோடு வாளியில் அள்ளினாள். போன் அடித்தது. கயல்.

"அக்கா, எதையும் தொட்டுராதீக! மெதக்குறதுதான் உசுரு. அடியில போனது சவம். உப்புத் தண்ணிதான் அதைத் தாங்குது. பேட்டரி காத்து மோட்டாரை மட்டும் போடுங்க."

பிரின்சி வாளியைப் பார்த்தாள். அத்தனை உயிரும் அதற்குள். பாயிடமோ செத்தது என்று சொல்லியாகிவிட்டது. அது நிஜமானால் மானம் தப்பும். பக்கத்திலேயே போர் தண்ணீர்க் குழாய். யாருக்குத் தெரியும்?

ஒரு குவளை பிடித்து ஊற்றினாள்.

முட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பழக்க தோஷம், ஒன்றை எடுத்து லென்ஸுக்கடியில் வைத்தாள். உள்ளே குட்டி வால் துடித்தது.

இரண்டாவது குவளை கையிலேயே நின்றது. அதுவரை தெரிந்தே ஒரு முட்டையைக்கூட அவள் கொன்றதில்லை.

வாளியை மெல்லத் தொட்டிக்குள் சாய்த்தாள். மோட்டாரைப் போட்டாள்.

வந்ததும் கயல் மோட்டாரை நிறுத்திப் பார்த்தாள். கால்வாசி மேலே வரவில்லை.

"மிச்சம் உசுரோட இருக்கே! செத்துருச்சுன்னியே?" என்றார் பாய்.

"தப்பாச் சொல்லிட்டேன். மெதந்ததை வாளியில அள்ளுனதும் நான்தான். நெசம் தெரிஞ்ச பெறகு ஒரு குவளை நல்ல தண்ணியும் ஊத்துனேன்."

"எதுக்கு?"

"இவ மேல எரிச்சல்."

பாய் வாயைத் திறக்குமுன் கயல் முந்தினாள். "கெண்டை பாக்குறவுக எல்லாருமே மொதல்ல மெதக்குறதைத்தான் அள்ளுவாக பாய். பயிற்சியில நான் மொத நாளே ஒரு தொட்டியைச் சாக்கடையில விட்டேன். அக்கா முக்கால்வாசியத் திருப்பிட்டாகள்ல. சாயங்காலம் பொரியும். அக்காவும் கூட இருக்கட்டும்."

குவளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

'பெரிய இவ!'

உப்பு பார்க்கும் கருவியைப் பிரின்சி வெடுக்கென்று எடுத்தாள்.

"எம்புட்டு இருக்கணும்? சொல்லித் தொலை."

"முப்பதுக்குக் கொறையக் கூடாதுக்கா."