மைரோனின் விருந்தாளி

ஒரீஸ்யா ஊசியைக் குத்தி, கணவரின் விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைப் பிழிந்தாள். அரை மணி முன்புதான் நர்ஸ் சர்க்கரை பார்த்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் நாற்பத்தொரு வருஷமாக மைரோனின் விரல்களைக் குத்திவந்தவளுக்கு ஆஸ்பத்திரிக் கருவியின் மேல் நம்பிக்கை கிடையாது.

ஐந்தரை. கனடாக் கணக்கில் தங்கமான எண். எண் இவ்வளவு நன்றாக இருக்க, மனுஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையாளி என்று நினைத்து உடம்பே கொன்றுபோட்ட கேஸ் மைரோன். சர்க்கரை இறங்குவது அவருக்கு முன்கூட்டித் தெரியவே தெரியாது. ஒருமுறை அப்படி இறங்கிப் புத்தி தடுமாறி, மைனஸ் முப்பது குளிரில், சட்டையில்லாமல், கோதுமை விதைப்பது எப்படி என்று தபால்பெட்டிக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அந்த வருஷம் தபால்பெட்டிக்கு நல்ல மகசூல் என்று பிற்பாடு அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்மன்டன் நகரத்து ஆஸ்பத்திரியில், இறந்துபோன யாரோ ஒருவரின் கணையத்திலிருந்து பிரித்த செல்களை மைரோனின் கல்லீரலுக்குள் செலுத்தினார்கள். யாருடையது என்று சொல்லமாட்டார்கள், சட்டம். மைரோனே கண்டுபிடித்தார்: நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரை மீனவர். அன்றுமுதல் கருவாட்டைக் கண்டால் அவருக்கு நாக்கில் நீர் ஊறியதாம். "நல்ல விருந்தாளி. வாடகை கேக்கல, குறட்டை விடல, எனக்கு இன்சுலின் சமைச்சுப் போடுறான்" என்பார். ஊசி நின்றது. ஒரீஸ்யா கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக விடியும்வரை தூங்கினாள்.

விருந்தாளியை உடம்பு தாக்காமலிருக்கத் தினமும் மாத்திரை. அது உடம்பின் எதிர்ப்பையே அடக்கிவைத்தது. அடங்கிக் கிடந்த உடம்பில் இப்போது நிமோனியா.

"அம்மா, அந்த மாத்திரைய நிறுத்திடலாம்," என்றாள் டாக்டர் லாம். "அப்பத்தான் உடம்பு கிருமியோட சண்டை போடும்."

"அப்ப அந்தச் செல்லெல்லாம் என்ன ஆகும்?"

"உடம்பு அதையும் விட்டுவைக்காது."

மைரோன் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "ஏய் கிழவி, என் விருந்தாளியத் தொரத்தவா கூட்டம் போடுறீங்க?"

"பேசாமக் கிட கிழவா. மூச்சு விடவே முடியல, வாய் மட்டும் ஓயுதா பாரு."

"அந்த மீன்காரன் ஏற்கெனவே ஒருதரம் செத்தவன்டி. பாவம்."

ஒரீஸ்யா முகமூடியை எடுத்து அவர் வாயை மூடினாள். டாக்டரைப் பார்க்காமலே, "நிறுத்துங்க," என்றாள்.

மூன்றாம் நாள் சர்க்கரை எட்டு. ஐந்தாம் நாள் பதின்மூன்று. அப்புறம் பத்தொன்பது. மறுபடியும் இன்சுலின் ஏற்றினார்கள். ஒவ்வொரு சொட்டு ரத்தத்திலும் விருந்தாளி போய்க்கொண்டிருந்தது ஒரீஸ்யாவுக்குத் தெரிந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. குத்தாமல் இருக்க அதைவிடப் பயமாக இருந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் மைரோனும் போனார்.

அடக்கத்தன்று காலை, பிரார்த்தனையில் படிக்க வேண்டிய குடும்பத்து இறந்தோர் பட்டியலை ஃபாதர் நெஸ்டரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"என்னம்மா, மைரோனுக்குக் கீழ ஒரு வரி காலியா இருக்கு?"

"காலியில்ல ஃபாதர். அதுல ஒருத்தர் இருக்காரு."

"பேரு?"

"ஆஸ்பத்திரியில சொல்ல மாட்டேங்குறாங்க. இவருக்குச் செல் குடுத்தவரு."

"பேரே இல்லாம எப்படிம்மா படிக்கிறது? கோயில்காரங்க என்னைப் பார்த்து, கிழவனுக்குக் கண்ணு போச்சுன்னுல்ல சொல்வாங்க?"

ஒரீஸ்யா அந்தக் காலி வரியில் விரலை வைத்தாள். "அவருக்கு வேற யாரு படிப்பா ஃபாதர்? நிறுத்தச் சொன்னது நான்தான்."

ஃபாதர் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். படிப்பாரா மாட்டாரா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

கோயிலில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இவான். பரஸ்கா. ஒனுஃப்ரி. ஒவ்வொரு பெயருக்கும் பாடகர்கள் பதில் பாடினார்கள். மைரோன். பதில் பாடி முடிந்தது.

ஃபாதர் தாளில் அந்தக் காலி வரியைப் பார்த்தபடி நின்றார். தாளை மடிக்கவில்லை, அடுத்த ஜெபத்துக்கும் போகவில்லை. தலைமைப் பாடகர் திறந்த வாயோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரீஸ்யா தலையைக் குனிந்தாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். பின்வரிசைகளிலும், எதற்கென்று தெரியாமலே, தொப்பியைக் கையில் வைத்திருந்த கிழவர்கள் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.