விலாசம் தெரிந்தவன்

தையல்காரி காலையில் வீட்டு முன்னறைக் கடையைத் திறந்தபோது கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. 'புது வீடு எப்படி இருக்கு?' என்று ஒரே வரி. மூன்று வருடங்களுக்கு முன் அவள் மணிக்கட்டை முறித்த புருஷனின் கையெழுத்து. அக்காவைத் தவிர ஒருவருக்கும் சொல்லாத விலாசம் அவனுக்கு எப்படிப் போனது?

விஷயம் கேட்டு வந்த அக்கா கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினாள். வாக்காளர் பட்டியலை யாரோ திருடி, பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டியிருந்தார்கள்.

"கிளம்புடி, வேற ஊர் பாக்கலாம்."

"ஒரு தடவ ஓடினது போதும்க்கா. இந்தத் தடவ அவன் ஓடட்டும்."

தேர்தல் அலுவலகத்தில் குமாஸ்தா தலையைத் தூக்கவில்லை. "பாதி ஊரோட விவரமே போயிருக்கு. உங்களுக்கு மட்டும் என்னம்மா?"

அவள் சட்டைக் கையை மடித்து, கோணலாகக் கூடிய மணிக்கட்டை மேசைமேல் வைத்தாள். அவர் விலாசத்தை மறைப்பதற்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

பிறந்த தேதியில் வைத்திருந்த கடவுச்சொற்களை எல்லாம் அன்றே மாற்றினாள். பூட்டையும் மாற்றினாள். அவன் தன் பக்கமே வரக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடை வாங்கினாள். தையல் மெஷினுக்கு மேலே பேச்சையும் பதிவு செய்யும் கேமரா ஒன்றைப் பொருத்தினாள். பிறகு, வரட்டும் என்று காத்திருந்தாள்.

பத்தாம் நாள் நண்பகலில் வந்தான். அவனைக் கண்டதும் மேசைக்கடியில் போலீசுக்கு அழைப்பைத் தட்டிவிட்டாள்.

"கோர்ட் பேப்பர் வந்துச்சா உனக்கு?" வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'நீ' என்றாள்.

"வந்துச்சு. கிழிச்சுப் போட்டேன்."

"விலாசம்?"

"லிஸ்ட்ல தேடினேன். எங்க போனாலும் தேடுவேன்டி. அடுத்து ரெண்டு கையும்தான்."

அவன் மெஷினைத் தாண்டுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. விலங்கு மாட்டியதும் அவன் குரல் இறங்கியது. "சும்மா பேசத்தான் வந்தேன்னு சொல்லேன்."

"கொஞ்சம் நில்லுங்க சார்," என்று போலீஸ்காரரை நிறுத்தி, அவன் கைகளைக் குனிந்து பார்த்தாள். "வலிக்குதா?"

"இறுக்குது."

"இறுக்கட்டும்."

வழக்கு நடந்த ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவன் மிரட்டியது அவன் குரலிலேயே ஒலித்தபோது கண்ணெடுக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். இரண்டு வருடச் சிறை.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "இப்பவாச்சும் மனசு ஆறிச்சா?"

"பாதிதான்க்கா. பட்டியலப் பூட்டாம விட்டவங்க இன்னும் நாற்காலியிலதான இருக்காங்க?"

அடுத்த வழக்குக்கான தாள்களோடு அவள் வக்கீலின் அறைக்கு நடந்தாள்.