கழனி டிரம்

பாலவனத்தம் தாண்டி அருப்புக்கோட்டை ரோட்டு மேலேயே இருந்தது அந்த ஹோட்டல். அதன் பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே, தரைக்குள் ஒரு தொட்டி புதைத்திருந்தார்கள். அடுப்படித் தண்ணீர் முழுவதும் அதற்குள்தான் விழும். எண்ணெயும் நெய்யும் மேலே மிதந்து ஆடையாகக் கட்டிக்கொள்ள, அடித்தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். கொழுப்புத் தொட்டி என்று பேர். வாரத்துக்கு இரண்டு தடவை மூடியைத் திறந்து ஆடையை வழித்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்; புளித்த வாடை சாப்பிடுகிறவர்களின் இலைக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வழிப்பது தவசியின் வேலை. வழித்தானா என்று பார்த்து எழுதுவது தங்கச்செல்வியின் வேலை.

தங்கச்செல்விக்கு இருபத்திரண்டு வயது. அடுப்படி சூப்பர்வைசர் என்று பேர்; கேஸ் சிலிண்டர் மாற்றியது, பால் வந்தது, தொட்டி திறந்தது எல்லாவற்றையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவாள். தொட்டிக்குள் குச்சியை விட்டுக் கொழுப்பு எத்தனை விரற்கடை என்று அளப்பாள். எழுதிய பிறகு சந்தேகம் வந்து இன்னொரு தடவை அளப்பாள். நாம தும்முனாக்கூட இது டைம் போட்டு எழுதிரும் என்று தவசி கிண்டல் செய்வான். சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் கணக்கு வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு முதலாளி நவநீதகிருஷ்ணன் சம்மதித்ததே அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வேறு எந்தக் கடையிலும் ஐந்தரைக்கு விடமாட்டார்கள்.

பின்கட்டில் ஒரே மாதிரி இரண்டு நீல டிரம்கள். கேட்டுக்கு இடது பக்கம் இருந்தது கழனி டிரம். அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் விழும். தெற்குத் தெருவிலிருந்து ஒச்சம்மாள் தினமும் நாலே முக்காலுக்குச் சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து அள்ளிப்போவாள். மழை ஏமாற்றிய வருஷம். வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாது. அவளுடைய இரண்டு பசுவுக்கும் இந்தத் தண்ணீர்தான் பாதி வயிறு.

வலது பக்கம் கொழுப்பு டிரம். தொட்டியில் இறுகிப்போனதை இளக்கத் தவசி காஸ்டிக் சோடாவைக் கொட்டுவான். இளகியதும் வழித்து அந்த டிரம்மில் போடுவான். மாதம் ஒரு தடவை விருதுநகரிலிருந்து லாரி வந்து எடுத்துப்போகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தங்கச்செல்விக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த வாரம் உணவு ஆபீசர் சோதனைக்கு வருகிறார். கொழுப்பு டிரம்மோ மேற்கு வெயிலில் காய்ந்து, ஏசி ரூம் வரைக்கும் நாறுகிறது. இடது பக்கம் தண்ணீர் டேங்க்கின் நிழல் இருந்தது. தவசியைக் கூப்பிட்டு இரண்டு டிரம்மையும் இடம் மாற்றினாள். பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதினாள். ஒன்றில் ‘கழனித் தண்ணீர்’. இன்னொன்றில் ‘கழிவுக் கொழுப்பு, தொடாதே’. ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. தள்ளி நின்று பார்த்தபோது திருப்தியாக இருந்தது. பதிவேட்டில் எழுதினாள்: ‘காலை 10.15. டிரம்கள் இடம் மாற்றப்பட்டன. பெயர் எழுதப்பட்டது.’

ஒச்சம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. இது தங்கச்செல்விக்குத் தெரியாததல்ல. பத்து நாளைக்கு ஒருமுறை பால் சொசைட்டிச் சீட்டை ஒச்சம்மாள் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டுவாள். எத்தனை லிட்டர், என்ன தொகை என்று இவள்தான் வாசித்துச் சொல்வாள். அன்று காலை பெயிண்டும் பிரஷ்ஷுமாக நின்றபோது அந்தச் சீட்டு அவள் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

நாலே முக்காலுக்கு ஒச்சம்மாள் வந்தாள். வழக்கம்போல இடது பக்கம் போனாள். மூடியைத் தூக்கியதும் நின்றாள். மேலே வெள்ளையாகக் கட்டியிருந்தது. ஊடே சோற்றுப் பருக்கைகள் தெரிந்தன. தயிர்சாதத்தைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது.

“தாயி, இன்னைக்கு வாடை வேற மாதிரி இருக்கே?”

தங்கச்செல்வி படியில் உட்கார்ந்து சிலிண்டர் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிலிண்டர் கணக்கில் இடித்தது. தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“கல்யாண ஆர்டர்க்கா. எண்ணெய்ச் சட்டி கழுவுன தண்ணி.”

அன்று கல்யாண ஆர்டர் இருந்தது உண்மைதான். ஒச்சம்மாள் இரண்டு கேனையும் நிறைத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமை சைக்கிள் இல்லாமல், தம்பி மருதுபாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செவலைப் பசு செத்துப்போயிருந்தது. சினை, ஏழாவது மாதம். வாயும் குடலும் வெந்துகிடப்பதாக மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்று மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதால் பிழைத்தது.

மருதுபாண்டி கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று சத்தம் போட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நவநீதகிருஷ்ணன் அவனைத் தோளில் கை போட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

“எழுதிப் போட்டிருக்குல்ல, வாசிச்சுப் பாருங்க. இதுக்கு மேல நான் என்ன செய்ய? டிரம்முக்குப் பக்கத்துல ஆளை நிறுத்தி வாசிச்சுக் காட்டவா?”

மருதுபாண்டி எழுத்துக் கூட்டி வாசித்தான். தொடாதே என்பதற்கு வந்தபோது அவன் குரல் இறங்கிவிட்டது. பிறகு அக்காவைப் பார்த்துத் திரும்பி, கண்ணு தெரியலேன்னா வீட்ல கெடக்க வேண்டியதான என்றான்.

கொழுப்பு டிரம் இந்தப் பக்கம் இருக்காது, அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று ஒச்சம்மாள் கையைக் காட்டிக்காட்டிச் சொன்னாள். அப்படியா, பார்த்துவிடலாம் என்று நவநீதகிருஷ்ணன் பதிவேட்டைக் கேட்டார். தங்கச்செல்வி எடுத்துக் கொடுத்தாள். அவர் விரல் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மேலிருந்து இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. அவளை ஒரு பார்வை பார்த்தார். பதிவேட்டை மூடினார்.

“இதுல அப்படி ஒண்ணும் இல்லையே.”

“நான் இந்தப் பிள்ளைட்டக் கேட்டேன்” என்றாள் ஒச்சம்மாள். “வாடை வேற மாதிரி இருக்கேன்னு கேட்டேன். கேட்டுட்டுத்தான் அள்ளுனேன்.”

எல்லோரும் தங்கச்செல்வியைப் பார்த்தார்கள். தவசி மட்டும் தொட்டி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கே வேலை போகும். வேலையோடு வகுப்பும் பரீட்சையும் போகும். இதை அவள் வரிசையாகவே நினைத்தாள், பதிவேட்டில் எழுதுவதுபோல. நினைத்து முடித்த பிறகும் ஒச்சம்மாள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சீட்டை நீட்டிவிட்டு, எத்தனை லிட்டர் என்று கேட்டு நிற்கிற அதே முகம்.

“ஞாபகம் இல்லக்கா.”

ஒச்சம்மாள் டிரம்மின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

“அப்ப மனசுக்குள்ளதான் கேட்டேன் போல.”

நவநீதகிருஷ்ணன் ஒரு மூட்டை தவிடு கொடுத்தார். இது தர்மத்துக்குத்தான், தப்பு எங்க மேல இல்லை என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். மருதுபாண்டி அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போனான்.

அவர்கள் தலை மறைந்ததும் முதலாளி தங்கச்செல்வியைக் கூப்பிட்டார். திட்டவில்லை. அவள் பெயிண்டில் எழுதி வைத்ததுதான் கடையைக் காப்பாற்றியது என்றார். அவளை மாதிரி இன்னொரு பிள்ளை கிடைக்காது என்றுகூடச் சொன்னார். பிறகு புது நோட்டு ஒன்றை மேஜையில் வைத்தார்.

“இந்த மாசத்தை முழுசா இதுல எழுதிரு. அந்த வரி வேண்டாம். ஆபீசர் பாப்பாக, கையெழுத்து நல்லா இருக்கட்டும்.”

எழுதினாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதியதுபோலத் தெரியக்கூடாது என்று நீலப் பேனா இரண்டை மாற்றிமாற்றி எடுத்தாள். நடுவில் ஒருநாள் மை தீர்ந்ததுபோலக் கறுப்பில் எழுதினாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. டிரம்களில் பெயர் எழுதியதை ஒரு வாரத்துக்கு முந்தைய தேதியில் போட்டாள். செவ்வாய்க்கிழமை 10.15-க்கு, ‘பின்கட்டு பெருக்கிக் கழுவப்பட்டது’ என்று எழுதினாள். முடித்துவிட்டு, வழக்கம்போலச் சந்தேகம் வந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாள். தப்பு ஒன்றும் இல்லை. பழைய பதிவேட்டைத் தவசி விறகடுப்பில் போட்டான். அன்று ஐந்தரை பஸ்ஸை அவள் விடவில்லை.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு ஒச்சம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு கேன். யாரையும் பார்க்கவில்லை. இரண்டு டிரம்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். வலது பக்க டிரம்மின் மூடியைத் திறந்து, ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்பினாள். இன்னொரு தடவை, இப்போது அடியிலிருந்து அள்ளி, நாக்கில் வைத்தாள். பிறகு மடியிலிருந்து பழைய சேலைக் கிழிசல் ஒன்றை எடுத்து, டிரம்மின் கைப்பிடியில், ‘கழனித் தண்ணீர்’ என்ற எழுத்துக்கு மேலே, இறுக்கிக் கட்டினாள்.

தங்கச்செல்வி படியிலிருந்து எழுந்து கிட்டே வந்து நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். ஒச்சம்மாளின் இடுப்பில் சொசைட்டிச் சீட்டு செருகியிருந்தது. மடிப்பு வெளியே தெரிந்தது. பத்து நாள் முடிந்திருந்தது. அதை வாங்கி வாசிக்கத் தங்கச்செல்வியின் கை தானாகக் கொஞ்சம் முன்னே வந்தது.

ஒச்சம்மாள் கேனை நிறைத்து, மூடியைத் திருகி, கேரியரில் வைத்துக் கட்டினாள். வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள்.

தங்கச்செல்வி திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து, நேரம் பார்த்து எழுதினாள்: ‘மாலை 4.52. கழனி எடுக்கப்பட்டது.’