அறுந்த பெல்ட்டின் அளவு

குந்தாரப்பள்ளி சந்தையில் திம்மராயன் வாங்கிவந்த பழைய ரெக்கார்டு பிளேயரில், தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் அறுந்திருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி முனிலட்சுமிக்கு, செத்துப்போன தன் தம்பி பாடிய இசைத்தட்டை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

“பெட்டிய வச்சிட்டுப் போங்க பெரியவரே, அளவு பாத்துப் போடறேன்,” என்றார் ஓசூர் மெக்கானிக் பாபுஜான்.

“உட்டுட்டுப் போனா உள்ள இருக்கறத உருவிக்குவே. இந்தா அறுந்த பெல்ட்டு, இதே அளவுல குடு.”

“அது இழுத்து நீண்டு போச்சுங்க!”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

கேட்ட அளவிலேயே கிடைத்தது. வீட்டில் மாட்டியதும் பெல்ட் தொளதொளவென்று வழுக்கியது. தட்டு மெதுவாகச் சுற்ற, பாட்டு குடிகாரன் உளறல்போல இழுத்தது.

முனிலட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “இது என் தம்பி இல்ல. நிறுத்துய்யா.”

“அந்த மெக்கானிக்கு ஏமாத்திப்புட்டான்,” என்றார் திம்மராயன்.