ஒரு விரல் இடைவெளி

சிவப்பு சைக்கிள் ஃப்ரேமின் கீழ்க்குழாய், ஹேண்டில் நிற்கும் தலைக்குழாயோடு சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. அண்ணி அதன் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். நகம் மாட்டியது.

"பெயின்ட்தான் உரிஞ்சிருக்கா?" என்று கேட்டான் படகு. தரையில் உட்கார்ந்து, தோல் வழன்றிருந்த முழங்கையை ஊதிக்கொண்டிருந்தான்.

"வெடிச்சிருச்சு."

அவன் ஊதுவதை நிறுத்தினான்.

அவனுக்குத்தான் அவள் முறைப்படி அண்ணி; அவனுடைய அண்ணனின் மனைவி. ஆனால் பம்பு இரவல் கேட்கிறவனிலிருந்து செயின் அறுந்து நிற்கிறவன்வரை, அந்த சைக்கிள் பந்தய அரங்கில் எல்லாருக்குமே அவள் அண்ணிதான். கணவனும் மனைவியுமாக நடத்தும் பழுதுபார்க்கும் கடையில் பந்தய வண்டிகள் அவள் பொறுப்பு. கொழுந்தனுக்குப் படகு என்ற பெயர் காலால் வந்தது. ஆள் சராசரி உயரம். ஷூவைப் பார்த்தால் மட்டும் வேறு யாருடையதோ என்று தோன்றும்.

தேசிய அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. இருவர் மோதும் மூன்று ஓட்டங்களில் இரண்டில் ஜெயிப்பவனுக்கு அது. முதல் ஓட்டம் படகுக்கு. இரண்டாவதில், ஓடுதளச் சரிவின் உச்சியில், எதிராளியை முன்னால் விடப் பார்த்து நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவன் யாரும் இடிக்காமலே சாய்ந்து, அடிவரை சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தான். கடைசி ஓட்டத்துக்கு முன் பெண்களின் போட்டி ஒன்று பாக்கி இருந்தது. அது முடிவதற்குள் வேறொரு ஃப்ரேம் வண்டியாகி நிற்க வேண்டும்.

கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஃப்ரேம்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. வெள்ளையில் தலைக்குழாய் சற்றே பின்னால் படுத்திருக்கும். முன்சக்கரம் காலை விட்டு எட்டிப் போய் நிற்கும். நேராகப் போ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகும் வண்டி. திரும்பச் சொன்னால் யோசிக்கும். கருப்பு குட்டையானது. தலைக்குழாய் விறைப்பாக நிமிர்ந்திருக்கும், முன்சக்கரம் காலடியிலேயே ஒண்டிக்கொண்டிருக்கும். ஹேண்டிலில் சுண்டுவிரல் அசைந்தால் போதும், அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். சரிவின் உச்சியிலிருந்து எதிராளியின் கண்ணுக்குத் தப்பி உள்ளே இறங்க அப்படிப்பட்ட வண்டி வேண்டும்.

"வெள்ளையப் போடும்மா," என்றார் படகின் பயிற்சியாளர். "விழமாட்டான்."

"ஜெயிப்பானா, சார்?"

"முதல்ல நிக்கட்டும். பையன் பயந்துட்டான். மூஞ்சியப் பாரு."

அந்த முகத்தை வைத்துக்கொண்டு பயப்படவில்லை என்று சொல்லும் நிலையில் படகு இல்லை. போன வருடம் விழுந்து காறையெலும்பு முறிந்த இடத்தை அவன் கை தானாகத் தடவிக்கொண்டிருந்தது.

அப்போது நெட்டை வந்தான். அணியின் அந்த இடத்துக்குப் போட்டியிடும் இன்னொருவன். நிலைப்படியில் தலை குனிந்து நுழைகிற உயரம்.

"அண்ணி, பம்பு கொஞ்சம் கிடைக்குமா?"

"எடுத்துக்கோ."

பம்பை எடுத்தவன் உடனே போகவில்லை. உடைந்த ஃப்ரேமைப் பார்த்தான், சுவரோரம் பார்த்தான்.

"என்னடா படகு, தரை தட்டிருச்சா?"

"உன் வேலையப் பாருடா."

"வெள்ளையா எடுக்கப்போறீங்க? நல்ல வண்டி அண்ணி. காலையில பால் பாக்கெட் போடலாம்." சிரித்தான். பிறகு சிரிப்பில்லாமல் படகின் முழங்கையைப் பார்த்துவிட்டுப் போனான்.

அவன் என்ன கணக்குப் போடுகிறான் என்று அண்ணிக்குத் தெரிந்தது. கடைசி ஓட்டத்திலும் உச்சிக்கு ஏறி நிற்பான். அசையாமல் நிற்கலாம், அதற்கு விதியில் இடமுண்டு. விழுந்த இடத்திலேயே மறுபடி நிற்கவைத்தால் படகு கலங்குவான்.

"கருப்புதான்," என்றாள்.

கருப்பு ஃப்ரேமில் மாற்றுச் சக்கரங்களையும் ஹேண்டிலையும் பெடலையும் மாட்டி, சீட்டை உயரம் பார்த்து இறுக்கினாள். படகு ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். இடது பெடலை முன்னால் கொண்டுவந்து, முன்சக்கரத்தை வலப்புறம் திருப்பினாள். ஷூவின் மூக்குக்கும் டயருக்கும் நடுவே ஆள்காட்டி விரலை நுழைக்கப் போனாள். இந்த வண்டிகளுக்குப் பிரேக் இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. சுற்றி வருகிற கால் திரும்பியிருக்கும் டயரில் இடித்தால் ஆள் கீழே. அதனால் எந்த ஃப்ரேமானாலும் அவள் முதலில் பார்ப்பது இந்த விரலளவைத்தான்.

விரல் நுழையவில்லை. ஷூ டயரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

இந்த வண்டி கடைக்கு வந்த அன்று இதே ஷூவோடு ஒரு விரல் இடம் இருந்தது. அவளே பார்த்தது. கால் வளர்கிற வயதா இவனுக்கு?

"இறங்கு. ஷூவக் கழட்டு."

கவிழ்த்துப் பார்த்தாள். பெடலைக் கவ்வும் கொக்கி ஷூவின் அடியில் திருகப்பட்டிருந்தது. அதற்கு முன்னால், கொக்கி முன்பு இருந்த இடத்தில், வெளுத்த தடம். குதிகால் நரம்பு இழுக்கிறது என்று போன வாரம் அவன் சொன்னபோது, பாரம் குறையட்டும் என்று கொக்கியைப் பின்னால் தள்ளி இறுக்கியவள் அவள்தான். கொக்கி பின்னால் போனால் பாதம் முன்னால் வரும். நரம்பு வலி நின்றது. அந்தச் சந்தோஷத்தில் டயரோடு விரல் வைத்துப் பார்க்க மறந்துபோனாள்.

ஷூவை உடைந்த சிவப்பு வண்டியின் பெடலில் மாட்டிச் சக்கரத்தைத் திருப்பினாள். உரசியது. பயிற்சியில் தெரிந்திருக்காது. வேகத்தில் ஓடும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்புவதே இல்லை. ஊர்ந்து போகும்போதுதான் திரும்பும்.

இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். உரசியது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கணவன். போன வருட விபத்துக்குப் பிறகு அவன் அரங்குப் பக்கம் வருவதில்லை.

"விழுந்துட்டானாமே?"

"சிராய்ப்புதான்."

"அணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். முழுசா கூட்டிட்டு வா, அது போதும்."

"சரி" என்று வைத்தாள். வெள்ளையை மாட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதில் கால் படாது. தோற்பான், முழுசாக வருவான். பயந்து தோற்றான் என்று பயிற்சியாளர் சொல்வார். அதை இவன் நம்பிவிடுவான். இப்போதே பாதி நம்பிவிட்டான்.

"டேய், நீ பயத்துல விழலடா," என்றாள். "கால் டயர்ல இடிச்சிருக்கு. கொக்கியப் பின்னாடி தள்ளினேன்ல, அதுக்கப்புறம் நான் பாக்கல. என் தப்பு."

படகு அவளையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னமோ தட்டின மாதிரி இருந்துச்சு அண்ணி. நெட்டைதான்னு நினைச்சேன். ஆனா அவன் பக்கத்துலயே இல்ல. சரி, நமக்குத்தான் கை நடுங்கிருச்சுன்னு..." பாதியில் நிறுத்திவிட்டு ஷூவைப் பிடுங்கி அவள் மடியில் போட்டான். குரல் மாறியிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

வெளியே பெண்களின் போட்டிக்குக் கடைசிச் சுற்று மணி அடித்தது.

"கொக்கிய முன்னாடி தள்ளுங்க. கருப்பு."

"நரம்பு இழுக்கும்டா."

"இழுக்கட்டும். மூணு சுத்துதானே."

பயிற்சியாளர் வாயைத் திறந்தார். இருவரில் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கொக்கியைத் திருகும் அலன் கீ அவள் கையில் இரண்டு முறை வழுக்கியது. இரண்டு கொக்கிகளையும் வெளுத்த தடத்தின் மேல் சரியாக வைத்து இறுக்கினாள். மறுபடி ஏறச் சொன்னாள், பெடலைக் கொண்டுவந்தாள், சக்கரத்தைத் திருப்பினாள். விரல் போனது. இறுக்கமாக, ஆனால் போனது.

"ஒரு விரல்," என்றாள். "சக்கரம் நேராகுறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு மிதிக்காத."

கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் நினைத்ததுதான் நடந்தது. நெட்டை முன்னால் போனான், உச்சிக்கு ஏறினான், வேகத்தைக் குறைத்துக் குறைத்து, படகு விழுந்த அதே இடத்தில் நின்றான். பின்னால் படகும் நின்றான். இருவரும் முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, பெடலில் எழும்பி, அசையாமல் நின்றார்கள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. கருப்பு வண்டியின் முன்சக்கரம் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஹேண்டில் கொஞ்சம் அலைந்தாலும் இரண்டு மடங்காகக் காட்டும் சனியன் அது. வெள்ளையென்றால் மரம் மாதிரி நின்றிருக்கும்.

நெட்டை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான், இவன் எப்போது விழுவான் என்று.

இப்படி நிற்பதில் ஆபத்தில்லை என்று அவளுக்குத் தெரியும். நகரும்போதுதான். இடது கால் சுற்றி முன்னே வரும், சக்கரம் இன்னும் மேட்டைப் பார்த்தே இருக்கும். அவள் வேறெதையும் பார்க்கவில்லை, அந்த இடது ஷூவை மட்டும் பார்த்தாள்.

படகு மிதித்தான். கால் சுற்றி வந்தது. வண்டி ஒரு முறை உதறியது. அவள் கை கம்பியை விட்டு எழுந்தது.

விழவில்லை. அந்த உதறலோடேயே ஹேண்டில் இடப்புறம் சாய, கருப்பு வண்டி நெட்டையின் பின்சக்கரத்துக்கும் கீழே சரேலென்று இறங்கியது. நெட்டை மறுதோள் பக்கம் பார்ப்பதற்குள் படகு தளத்தின் அடியோரக் கோட்டில் இருந்தான். நெட்டையின் நீளமான வண்டி வளைந்து இறங்க நேரம் எடுத்தது. இறங்கியதும் பயங்கரமாகத் துரத்தியது. கடைசி வளைவில் இருவரும் தோளோடு தோள். கோட்டைத் தாண்டும்போது யார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. முடிவுப் பலகையைப் பார்க்கப் பயந்து பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தொப்பிக்குள்ளிருந்து, "அரைச் சக்கரம் வித்தியாசம்மா," என்றார். "நம்ம ஆளு."

பிரேக் இல்லாத வண்டி நிற்கச் சுற்றுகள் ஆகும். படகு மெல்ல உருண்டு வந்தான். பயிற்சியாளர் பிடித்துக்கொண்டார். இறங்கியவனால் குதிகாலை ஊன்ற முடியவில்லை. அவள் கீழே உட்கார்ந்து இடது ஷூவின் பட்டையை அவிழ்த்தாள்.

ஷூவின் மூக்கில் விரல்நீளத்துக்கு ஒரு கருப்புக் கோடு. டயர் ரப்பர். தொட்டதும் கையில் ஒட்டியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"உங்க விரல் ரொம்ப மெல்லிசு, அண்ணி," என்றான்.

போன் அதிர ஆரம்பித்தது. அவள் கையில் ரப்பர் கறை ஒட்டியிருந்ததால், அவனே அவள் பையிலிருந்து அதை எடுத்து, "முழுசாத்தாண்ணா இருக்கேன்," என்றான்.